வோல்டேஜ், கரண்ட், ரெசிஸ்டன்ஸ்: மல்டிமீட்டரோடு உட்கார்ந்து புரிந்துகொள்ள

“கரண்ட் போயிடுச்சு”, “கரண்ட் அடிச்சிடுச்சு”, “பேட்டரியில கரண்ட் இல்ல”. சொல் ஒன்றுதான், சங்கதி மூன்றும் வேறு. சுவிட்சை அணைத்து வைத்த விசிறியிலும் கரண்ட் ஓடவில்லைதான். அதைப் பார்த்து யாரும் கரண்ட் போய்விட்டது என்பதில்லை. விளக்கெல்லாம் அணையும்போது போவது வோல்டேஜ். ஷாக் அடிக்கும்போது மட்டும்தான் அந்தச் சொல் சரியான இடத்தில் விழுகிறது, அப்போது உடம்பு வழியாக ஓடுவது கரண்ட்டேதான். பேச்சில் இந்தக் கலப்பால் ஒரு குறையும் இல்லை. ஒரு சுற்றைக் கையில் எடுத்துப் பழுது பார்க்க உட்காரும்போது அதுவே முதல் தடையாகிவிடுகிறது.

பிடித்துக்கொள்ள வேண்டியது ஒன்றே ஒன்று. வோல்டேஜ் என்பது பேட்டரியோ அடாப்டரோ கொடுப்பது. ரெசிஸ்டன்ஸ் என்பது பாதையில் இருப்பது. கரண்ட்டை யாரும் கொடுப்பதில்லை. முதல் இரண்டும் சேர்ந்து எவ்வளவு கரண்ட் ஓடும் என்பதை முடிவு செய்கின்றன.

இது பிடிபட்டால் அடிக்கடி வரும் ஒரு கேள்வி தானே விழுந்துவிடும்: “12 வோல்ட் 1 ஆம்பியர் கேட்கும் கருவிக்கு 12 வோல்ட் 5 ஆம்பியர் அடாப்டர் போட்டால் கருகிவிடுமா?” கருகாது. 5 ஆம்பியர் என்பது அந்த அடாப்டரால் அதிகபட்சம் தாங்க முடிந்த அளவு. கருவி தன் ரெசிஸ்டன்ஸுக்கு ஏற்ப 1 ஆம்பியரைத்தான் இழுக்கும். மாறாக 19 வோல்ட் 1 ஆம்பியர் அடாப்டரைச் செருகினால் “ஆம்பியர் சரியாக இருக்கிறதே” என்ற சமாதானம் உதவாது, கருவி போய்விடும். அடாப்டர் வாங்கும்போது வோல்ட் அப்படியே பொருந்த வேண்டும். ஆம்பியர் தேவைக்குச் சமமாகவோ கூடுதலாகவோ இருக்கலாம். அடாப்டர் பிளக்கின் நடுமுனை பாசிட்டிவா நெகட்டிவா என்பதையும் பார்க்க வேண்டும்.

கார் பேட்டரியும் இதையேதான் காட்டுகிறது. ஸ்டார்ட்டர் மோட்டாருக்கு அது நூறு ஆம்பியருக்கு மேல் கொடுக்கும். உலர்ந்த கையால் இரண்டு முனையையும் தொட்டால் ஒன்றும் தெரியாது, ஏனென்றால் உலர்ந்த தோலின் பல ஆயிரம் ஓம் ரெசிஸ்டன்ஸைத் தாண்டி உறைக்கும் அளவு கரண்ட்டைத் தள்ள 12 வோல்ட் போதாது. அதே முனைகளுக்கு நடுவே ஒரு ஸ்பேனர் விழுந்தால் தீப்பொறி பறந்து இரும்பே உருகும். பேட்டரியும் மாறவில்லை, வோல்டேஜும் மாறவில்லை. பாதைதான் மாறியது.

அளவுகள் என்ன சொல்கின்றன

ஒரு கம்பியின் ஏதாவது ஓர் இடத்தை ஒரு வினாடியில் ஏறத்தாழ 62,400 கோடி கோடி எலக்ட்ரான்கள் கடந்தால் அது 1 ஆம்பியர். அவ்வளவு கூட்டம் நகர்ந்தாலும் நடை ஆமை நடைதான். 1 சதுர மில்லிமீட்டர் செம்புக் கம்பியில் 1 ஆம்பியர் ஓடும்போது எலக்ட்ரான் கூட்டம் வினாடிக்கு 0.07 மில்லிமீட்டர்தான் நகர்கிறது. ஒரு மீட்டர் போக நான்கு மணி நேரம் ஆகிவிடும். சுவிட்சைப் போட்டதும் விளக்கு எரிவது, கம்பி முழுக்க எலக்ட்ரான்கள் ஏற்கெனவே நிறைந்திருப்பதால். ஒரு முனையில் தள்ளு விழுந்தால் எல்லாமே சேர்ந்து நகரத் தொடங்குகின்றன.

வோல்ட் என்பது இரண்டு புள்ளிகளுக்கு இடையிலான வேறுபாடு. “இந்தப் புள்ளியில் 5 வோல்ட்” என்றால் “நெகட்டிவ் முனையோடு ஒப்பிட்டால் 5 வோல்ட்” என்று சொல்லாமல் சொல்வதாகவே எடுத்துக்கொள்ள வேண்டும். மீட்டருக்கு இரண்டு முனைகள் இருப்பதும் இதனால்தான். மேல்தொட்டித் தண்ணீர் உவமை இந்த அளவுக்குச் சரியாக உதவும்: தொட்டியின் உயரம் வோல்டேஜ், குழாயில் ஓடும் அளவு கரண்ட், குழாயின் ஒடுக்கம் ரெசிஸ்டன்ஸ். குழாயை வெட்டினால் தண்ணீர் கொட்டும், கம்பியை வெட்டினால் எல்லாம் நின்றுபோகும். அந்த இடத்தில் உவமையை இறக்கி வைத்துவிட வேண்டும்.

மூன்றுக்கும் உள்ள உறவு, ஜார்ஜ் சைமன் ஓம் 1827-இல் வெளியிட்டது:

மின்னழுத்தம் (வோல்டேஜ்) = மின்னோட்டம் (கரண்ட்) × மின்தடை (ரெசிஸ்டன்ஸ்)

வோல்ட், ஆம்பியர், ஓம் என்ற அளவில் போட்டால் விடை நேராக வரும். சின்னச் சுற்றுகளில் ஆம்பியர் எப்போதும் 0.00-இல் தொடங்கும் எண்ணாக வந்து கண்ணைக் கட்டும். ஒரு குறுக்கு வழி: வோல்ட்டைக் கிலோ ஓமால் வகுத்தால் விடை மில்லி ஆம்பியரில் கிடைக்கும். 6 வோல்ட், 2 கிலோ ஓம் என்றால் 3 மில்லி ஆம்பியர். இதை மனக்கணக்காக்கிக்கொண்டால் பாதி வேலை முடிந்தது.

எடுத்து வைக்க வேண்டியவை

ஏஏ அளவு அல்கலைன் செல் 4, அவற்றை வரிசையாகச் செருகும் ஹோல்டர். கால் வாட் ரெசிஸ்டர்கள்: 100 ஓம், 330 ஓம், 1 கிலோ ஓம், 2.2 கிலோ ஓம் ஒவ்வொன்று, 1 மெகா ஓம் இரண்டு. 10 ஓம் 5 வாட் சிமெண்ட் ரெசிஸ்டர் ஒன்று. சிவப்பு எல்.இ.டி. இரண்டு, நீலம் ஒன்று. 6.3 வோல்ட் 0.3 ஆம்பியர் சிறு பல்ப் ஒன்று. ஒரு சுவிட்ச், பிரெட்போர்டு (பற்றவைக்காமல் கால்களைச் செருகிச் சுற்று அமைக்கும் துளைப் பலகை), கிளிப் வைத்த கம்பிகள், டிஜிட்டல் மல்டிமீட்டர்.

9 வோல்ட் சதுர பேட்டரி வேண்டாம். அதன் உள்தடை, அதாவது அதற்குள்ளேயே இருக்கும் ரெசிஸ்டன்ஸ், அதிகம். கொஞ்சம் கரண்ட் இழுத்தாலே வோல்டேஜ் இறங்கி, கணக்கும் அளவும் ஒட்டாமல் போகும். லித்தியம் செல்லும் வேண்டாம். அதன் உள்தடை மிகக் குறைவு, கை தவறி ஷார்ட் ஆனால் பல பத்து ஆம்பியர் பாயும், தீப்பிடிக்கும். வீட்டு மின் இணைப்பில் இந்தச் சோதனைகள் எதையும் செய்யக் கூடாது. ஈரத் தோலில் உடம்பின் தடை 1,000 ஓம் அளவுக்கு இறங்கலாம். 230 வோல்ட்டில் அது 230 மில்லி ஆம்பியர். உயிர் காக்கும் கசிவுத் துண்டிப்பான்கள் 30 மில்லி ஆம்பியரில் துண்டிக்குமாறு அமைக்கப்படுகின்றன என்பதோடு இதை ஒப்பிட்டுப் பாருங்கள்.

மீட்டர்: தவறு நடப்பது துளையில்

கறுப்புக் கம்பி எப்போதும் ‘காம்’ என்ற துளையில். சிவப்புக் கம்பி வோல்ட்டுக்கும் ஓமுக்கும் ஒரு துளை, கரண்ட்டுக்கு வேறு துளை. சில மலிவு மீட்டர்களில் வோல்ட், ஓம், மில்லி ஆம்பியர் மூன்றுக்கும் ஒரே துளை, 10 ஆம்பியருக்கு மட்டும் தனித் துளை.

வோல்டேஜ் அளக்கும்போது மீட்டர் சுற்றை வெளியிலிருந்து பார்க்கிறது. இரண்டு புள்ளிகளைத் தொட்டால் போதும், எதையும் கழற்ற வேண்டாம். அப்போது மீட்டரின் உள்தடை மெகா ஓம் கணக்கில் இருக்கும். அதன் வழியாகக் கரண்ட் ஓடாததற்குச் சமம். கரண்ட் அளக்கும்போது சுற்றை வெட்டி, வெட்டிய இடத்தில் மீட்டரை நுழைக்க வேண்டும். ஓடுவதெல்லாம் மீட்டர் வழியாகவே ஓடும், அதனால் அப்போது மீட்டர் வெறும் கம்பித் துண்டுக்குச் சமம்.

அந்தக் கம்பித் துண்டை பேட்டரியின் இரண்டு முனைக்கும் குறுக்கே வைத்தால்? அதுதான் மீட்டர்களைக் கொல்லும் தவறு. கரண்ட் அளந்து முடித்து, சிவப்புக் கம்பியை ஆம்பியர் துளையிலேயே விட்டுவிட்டு, மறுநாள் குமிழை மட்டும் வோல்ட்டுக்குத் திருப்பி பேட்டரியைத் தொடுவார்கள். பல மீட்டர்களில் குமிழ் எங்கே இருந்தாலும் அந்தத் துளைக்குள் இருப்பது ஷார்ட்தான். ஃபியூஸ் போனால் அதிர்ஷ்டம். சில மலிவு மீட்டர்களில் 10 ஆம்பியர் துளைக்கு ஃபியூஸே கிடையாது, துளை அருகே ‘அன்ஃபியூஸ்டு’ என்று ஆங்கிலத்தில் அச்சிட்டிருக்கும். ஆகவே கரண்ட் அளந்த கையோடு, மீட்டரைக் கீழே வைக்கும் முன், சிவப்புக் கம்பியை வோல்ட் துளைக்கு மாற்றிவிடுங்கள்.

ஓம் அளக்கும்போது மீட்டர் தன் சொந்த பேட்டரியிலிருந்து கொஞ்சம் கரண்ட்டை அனுப்பிப் பார்க்கிறது. வெளியே வேறு வோல்டேஜ் இருந்தால் காட்டும் எண் அர்த்தமில்லாதது, மீட்டரும் கெடலாம். மின்சாரத்தைத் துண்டித்து, முடிந்தால் ரெசிஸ்டரின் ஒரு காலையாவது சுற்றிலிருந்து கழற்றி அளக்க வேண்டும். கழற்றாமல் அளந்தால் அதற்குப் பக்கத்தில் இருக்கும் வேறு பாதைகளும் கணக்கில் சேர்ந்து எண்ணைக் குறைத்துக் காட்டும்.

ரெசிஸ்டரைப் படிப்பதும் அளப்பதும்

கறுப்பு 0, பழுப்பு 1, சிவப்பு 2, ஆரஞ்சு 3, மஞ்சள் 4, பச்சை 5, நீலம் 6, ஊதா 7, சாம்பல் 8, வெள்ளை 9. நான்கு பட்டை ரெசிஸ்டரில் முதல் இரண்டும் இலக்கங்கள், மூன்றாவது எத்தனை சுழியம் என்பது, நான்காவது தங்கநிறமாக இருந்தால் 5 சதவீதம் முன்னே பின்னே. பழுப்பு, கறுப்பு, சிவப்பு என்றால் 10-க்குப் பின் இரண்டு சுழியம்: 1,000 ஓம். ஆரஞ்சு, ஆரஞ்சு, பழுப்பு என்றால் 330.

1 கிலோ ஓம் ரெசிஸ்டர் 983 என்று காட்டினால் மீட்டர் பழுது என்று நினைக்க வேண்டாம். 950-க்கும் 1,050-க்கும் நடுவே எதுவும் சரிதான். அளவு வரம்பைக் குமிழைத் திருப்பி நாமே தேர்ந்தெடுக்கும் மீட்டரில் 200 ஓம் வரம்பில் வைத்து அளந்தால் இடது ஓரத்தில் தனியாக ஒரு 1 தெரியும். அது ஒரு ஓம் அல்ல, “வரம்பை மீறிவிட்டது, மேலே போ” என்ற செய்தி.

1 மெகா ஓம் ரெசிஸ்டரை இரண்டு கை விரலாலும் மீட்டர் முனைகளோடு சேர்த்து அழுத்திப் பிடித்து அளந்து பாருங்கள். எண் கணிசமாகக் குறையும், உடம்பும் ஒரு ரெசிஸ்டராகப் பக்கத்தில் சேர்ந்துவிட்டது. ஒரு பக்கம் மட்டும் பிடித்தால் பிரச்சினை இல்லை. எதிர்முனையில், 10 ஓம் போன்ற சிறு தடையை அளக்கும் முன் இரண்டு முனைகளையும் ஒன்றோடொன்று தொட்டுப் பாருங்கள். 0.2 முதல் 0.5 ஓம் வரை காட்டும். அது மீட்டர் கம்பியின் தடை, அளந்ததிலிருந்து கழித்துவிடுங்கள்.

முதல் சுற்று

புதுச் செல் நான்கையும் ஹோல்டரில் போட்டு வோல்டேஜை அளக்கவும். 6.2 முதல் 6.5 வரை இருக்கும். செல்லின் மேல் 1.5 என்று அச்சிட்டிருந்தாலும் புதிய அல்கலைன் செல் 1.5-ஐவிடச் சற்றுக் கூடுதலாகவே காட்டும். இனி வரும் கணக்குக்கு 6.3 என்று வைத்துக்கொள்வோம். உங்கள் மீட்டர் வேறு எண் காட்டினால் அந்த எண்ணைப் போட்டுக்கொள்ளுங்கள்.

பாசிட்டிவிலிருந்து 1 கிலோ ஓம் வழியாக நெகட்டிவுக்கு இணைத்து, இடையில் மில்லி ஆம்பியர் மீட்டரை நுழைக்கவும். 6.3 மில்லி ஆம்பியர் வர வேண்டும். 2.2 கிலோ ஓமுக்கு மாற்றினால் 2.86. 330 ஓமுக்கு மாற்றினால் கணக்கு 19.1 என்கிறது, மீட்டரோ 18.5 போலக் காட்டும். பல மலிவு மீட்டர்களில் 20 மில்லி ஆம்பியர் வரம்பில் மீட்டருக்கே ஏறத்தாழ 10 ஓம் தடை இருப்பதுதான் காரணம். 330 அல்ல, 340 ஓமில் ஓடும் கரண்ட்டைப் பார்த்துக்கொண்டிருக்கிறீர்கள்.

இதனாலேயே பழகியவர்கள் முடிந்தவரை கரண்ட்டை நேராக அளக்க மாட்டார்கள். மதிப்பு தெரிந்த ஒரு ரெசிஸ்டரின் இரு முனைக்கும் குறுக்கே வோல்டேஜை அளந்து, ஓமால் வகுத்துவிடுவார்கள். சுற்றை வெட்ட வேண்டாம், ஃபியூஸ் போகாது, கணக்கும் துல்லியம்.

மீட்டரைக் கழற்றிவிட்டு 100 ஓம் ரெசிஸ்டரை இணைத்து 10 வினாடி கழித்து மெல்லத் தொட்டுப் பாருங்கள், கவனமாக. சுடும். கரண்ட் 63 மில்லி ஆம்பியர். வோல்ட்டையும் ஆம்பியரையும் பெருக்கினால் வாட்: 6.3 × 0.063, ஏறத்தாழ 0.4 வாட். ரெசிஸ்டர் கால் வாட்டுக்குத்தான் செய்யப்பட்டது. உடனே புகையாது, விட்டுவைத்தால் நிறம் மங்கி மதிப்பு விலகும். ஓம் சரியாக இருந்தால் போதாது, வாட்டும் சரியாக இருக்க வேண்டும். கணக்கில் வருவதைப்போல் இரண்டு மடங்கு வாட் உள்ள ரெசிஸ்டரைப் போடுவது நல்ல வழக்கம்.

வரிசையாகவும் பக்கவாட்டிலும்

1 கிலோ ஓமையும் 2.2 கிலோ ஓமையும் ஒன்றன்பின் ஒன்றாக இணைத்தால் தொடர் இணைப்பு. மொத்தம் 3.2 கிலோ ஓம், கரண்ட் 1.97 மில்லி ஆம்பியர். பேட்டரிக்கும் முதல் ரெசிஸ்டருக்கும் நடுவே அளந்தாலும், இரண்டுக்கும் நடுவே அளந்தாலும், கடைசியில் அளந்தாலும் இதே 1.97. “முதல் ரெசிஸ்டர் கொஞ்சம் கரண்ட்டைச் சாப்பிட்டுவிடும், மீதி அடுத்ததற்குப் போகும்” என்று மனம் சொல்லும். அதை இந்த இடத்திலேயே மீட்டரை வைத்துத் தீர்த்துக்கொள்ள வேண்டும். கரண்ட் செலவாவதில்லை. பங்கு போடப்படுவது வோல்டேஜ்: 1 கிலோ ஓமின் குறுக்கே 1.97 வோல்ட், 2.2 கிலோ ஓமின் குறுக்கே 4.33 வோல்ட். கூட்டினால் 6.3. பெரிய தடைக்குப் பெரிய பங்கு.

இரண்டின் தலைகளையும் சேர்த்து, கால்களையும் சேர்த்து இணைத்தால் பக்க இணைப்பு. இப்போது இரண்டுக்கும் முழு 6.3 வோல்ட் கிடைக்கிறது. கரண்ட்தான் பிரிகிறது: ஒன்றில் 6.3, மற்றதில் 2.86, பேட்டரியிலிருந்து வருவது 9.16 மில்லி ஆம்பியர். 6.3-ஐ 9.16-ஆல் வகுத்தால் 0.688 கிலோ ஓம். இரண்டில் சிறியதான 1 கிலோ ஓமைவிடவும் இது குறைவு. புதுப் பாதை திறந்தால் போக்கு எளிதாகும் என்று நினைத்துக்கொண்டால் சூத்திரம் மறந்தாலும் விடையின் திசை தப்பாது.

இனி இரண்டு 1 மெகா ஓம் ரெசிஸ்டர்களைத் தொடராக இணைத்து ஒன்றின் குறுக்கே அளக்கவும். பாதிக்குப் பாதி, 3.15 வர வேண்டும். மீட்டர் 3.0 காட்டும். மற்றதன் குறுக்கே வைத்தாலும் 3.0. கூட்டினால் 6.0, அந்த 0.3 வோல்ட் எங்கே? மீட்டர்தான் கெடுத்தது. அதன் 10 மெகா ஓம் உள்தடை நீங்கள் அளக்கும் ரெசிஸ்டருக்குப் பக்க இணைப்பாகச் சேர்ந்து, அதன் தடையை 0.91 மெகா ஓமாகக் குறைத்துவிட்டது. சில மலிவு மீட்டர்களின் உள்தடை 1 மெகா ஓம்தான், அவற்றில் 2.1 என்றே காட்டும். மீட்டரோடு வந்த தாளைத் தேட வேண்டாம், உங்கள் மீட்டர் எந்த வகை என்பதை இந்தச் சோதனையே சொல்லிவிடும். சுற்றின் தடைகள் கிலோ ஓம் கணக்கில் இருக்கும்வரை இதைப் பற்றிக் கவலை இல்லை.

எல்லாப் பொருளுக்கும் ஒரே ஓம் இல்லை

சிறு பல்பை மீட்டரின் ஓம் வரம்பில் வைத்தால் 2, 3 ஓம்தான் காட்டும். 6.3 வோல்ட்டை 3 ஓமால் வகுத்தால் 2 ஆம்பியருக்கு மேல் வருகிறது, பல்பின் மேல் 0.3 ஆம்பியர் என்றிருக்கிறது. இரண்டும் உண்மை. எரியாத இழை குளிர்ந்தது, எரியும்போது அதன் தடை 21 ஓமாக ஏறுகிறது. சுவிட்ச் போட்ட அந்தக் கண நேரத்தில் பெரிய கரண்ட் பாய்கிறது. இழை பல்புகள் எரிந்துகொண்டிருக்கும்போது போவதைவிடச் சுவிட்ச் போடும்போது போவது அதிகம் என்பதன் காரணமும் இதுவே.

எல்.இ.டி. இன்னும் வம்பு. சிவப்பு எல்.இ.டி. ஏறத்தாழ 1.8 முதல் 2.2 வோல்ட்டுக்குள் நின்றுகொண்டு, அதற்குமேல் கொஞ்சம் வோல்டேஜ் ஏறினாலும் கரண்ட்டைத் தாறுமாறாக இழுக்கும். தன்னைத்தானே கட்டுப்படுத்தத் தெரியாத அதற்குக் கடிவாளம்தான் ரெசிஸ்டர். கணக்கு எளிது: 6.3-இலிருந்து 2-ஐக் கழித்தால் 4.3 வோல்ட், அது முழுக்க ரெசிஸ்டர் மேல் விழுகிறது. 330 ஓமால் வகுத்தால் 13 மில்லி ஆம்பியர். நல்ல வெளிச்சம், இரண்டும் சுடாது. 1 கிலோ ஓம் போட்டால் கரண்ட் மூன்றில் ஒரு பங்காக இறங்கும், எல்.இ.டி.யின் குறுக்கே வோல்டேஜ் மட்டும் கொஞ்சமே இறங்கும். அளந்து பாருங்கள். ஓம் விதிப்படி நடக்கும் பொருளாக இருந்தால் அதுவும் மூன்றில் ஒரு பங்காகியிருக்க வேண்டும்.

ரெசிஸ்டர் எல்.இ.டி.க்கு முன்னால் வர வேண்டுமா பின்னால் வர வேண்டுமா என்ற சண்டைக்கு விடை: எங்கே வேண்டுமானாலும். தொடர் சுற்றில் கரண்ட் எங்கும் ஒன்றே என்று இப்போதுதானே அளந்தீர்கள். நீளமான கால் பாசிட்டிவ் பக்கம் என்பது மட்டும் மாறக் கூடாது. எரியவில்லை என்றால் முதலில் திருப்பிப் போட்டுப் பாருங்கள்.

இரண்டு எல்.இ.டி.களைப் பக்கவாட்டில் இணைத்து இரண்டுக்கும் சேர்த்து ஒரே ரெசிஸ்டர் போடுவது பலரும் செய்வது. ஒன்று சிவப்பு, ஒன்று நீலம் என்றால் சிவப்பு மட்டும் எரியும். நீலத்துக்கு 3 வோல்ட்டாவது வேண்டும். பக்கத்தில் சிவப்பு இருக்கும்வரை அங்கே 2 வோல்ட்டுக்குமேல் ஏறாது. இரண்டும் சிவப்பு என்றாலும் சற்றுக் குறைந்த வோல்டேஜில் கடத்தும் ஒன்று கூடுதல் கரண்ட்டை இழுத்துக்கொள்ளும். ஒவ்வொன்றுக்கும் தனி ரெசிஸ்டர் போடுவதே ஒழுங்கான வேலை.

பேட்டரிக்குள்ளும் ஒரு ரெசிஸ்டர்

மீட்டரில் நல்ல வோல்டேஜ் காட்டும் பேட்டரி, கருவியில் போட்டால் வேலை செய்யாது. மீட்டரையும் சந்தேகிக்க வேண்டாம், கருவியையும் சந்தேகிக்க வேண்டாம். ஓமுக்கே இது தொல்லையாக இருந்தது. அன்றைய பேட்டரிகளின் வோல்டேஜ் நிலையாக நிற்காததால் வெப்ப இரட்டையை (இரு வேறு உலோகங்கள் சேரும் முனைகளின் வெப்ப வேறுபாட்டால் வோல்டேஜ் தரும் அமைப்பை) மூலமாக வைத்துக்கொண்டுதான் அவர் தன் அளவீடுகளை எடுத்தார்.

நான்கு செல் ஹோல்டரைச் சும்மா அளந்தால் 6.32 என்று வைத்துக்கொள்வோம். 10 ஓம் சிமெண்ட் ரெசிஸ்டரைக் குறுக்கே இணைத்து, ஐந்து வினாடிக்குள் மறுபடி அளந்து கழற்றிவிடவும். 5.78 காட்டுகிறது. அப்போது ஓடிய கரண்ட் 0.578 ஆம்பியர். காணாமல் போன 0.54 வோல்ட்டை 0.578-ஆல் வகுத்தால் 0.93 ஓம். நான்கு செல்லுக்கும் ஹோல்டரின் ஸ்பிரிங் தொடுப்புகளுக்கும் சேர்த்து உள்தடை அவ்வளவு. பழைய செல்களில் இதையே செய்தால் சும்மா அளக்கும்போது 5.6 இருந்து, ரெசிஸ்டர் போட்டதும் 3-க்குக் கீழேகூட விழும். மீட்டர் கேட்பது மைக்ரோ ஆம்பியர்தான். அதற்கு உள்தடையில் விழும் வோல்டேஜ் கண்ணுக்கே தெரியாது. ஆகவே பேட்டரியை லோடு போட்டுத்தான் அளக்க வேண்டும்.

கம்பியும் ரெசிஸ்டர்தான்

1 சதுர மில்லிமீட்டர் செம்புக் கம்பி மீட்டருக்கு 0.017 ஓம். அற்பமாகத் தோன்றும். 12 வோல்ட் விளக்குப் பட்டை ஒன்று 5 ஆம்பியர் இழுக்கிறது, மூலத்திலிருந்து 10 மீட்டர் தள்ளி இருக்கிறது. கம்பி போகவும் வரவும் 20 மீட்டர், 0.34 ஓம். விழுவது 1.7 வோல்ட். பட்டைக்குக் கிடைப்பது 10.3 வோல்ட்தான், விளக்கு மங்கும், கம்பி 8.5 வாட்டை வெப்பமாக வீணாக்கும். திரும்பி வரும் கம்பியைக் கணக்கில் சேர்க்க மறப்பதுதான் இங்கே வழக்கமான தவறு.

அதே 60 வாட்டை 24 வோல்ட்டில் கொண்டுபோனால் கரண்ட் 2.5 ஆம்பியராகப் பாதியாகிறது, கம்பியில் இழப்பு 2.1 வாட்டுக்கு, நான்கில் ஒன்றாக இறங்குகிறது. தொலைதூரத்துக்கு மின்சாரத்தை லட்சக்கணக்கான வோல்ட்டில் அனுப்புவதும் இதே கணக்குதான்.

வேலை செய்யாத சுற்றில் தேடுவது

மேலே சொன்ன எல்லாம் பயன்படும் இடம் இது. சுற்று வேலை செய்யவில்லை. உடனே ஓம் அளக்கக் கழற்றத் தொடங்குவார்கள். வேண்டாம். இணைப்பில் வைத்தே வோல்டேஜைப் பின்தொடருங்கள்.

பேட்டரி, சுவிட்ச், 330 ஓம், எல்.இ.டி. என்று ஒரு தொடர் சுற்று; சுவிட்ச் போட்டும் எரியவில்லை. மீட்டரை 20 வோல்ட் வரம்பில் வைத்து, கறுப்பு முனையை பேட்டரியின் நெகட்டிவில் கிளிப் போட்டு அங்கேயே விட்டுவிடுங்கள். சிவப்பு முனையோடு பாசிட்டிவிலிருந்து நடந்து போங்கள். பேட்டரி முனையில் 6.3. சுவிட்சின் முதல் காலில் 6.3. சுவிட்சின் அடுத்த காலில் 6.3 என்றால் சுவிட்ச் சரி. 0 என்றால் தேடல் முடிந்தது. ரெசிஸ்டருக்கு அப்பால் தொட்டால் 2 வர வேண்டும். 2-க்குப் பதிலாக 6.3 வந்தால்? ரெசிஸ்டரில் வோல்டேஜ் விழவே இல்லை, அதாவது அதன் வழியாகக் கரண்ட் ஓடவே இல்லை, ஆகவே வெட்டு அதற்கும் அப்பால்: எல்.இ.டி. கருகியிருக்கிறது, திரும்பியிருக்கிறது, அல்லது அதன் கால் பிரெட்போர்டில் பக்கத்துத் துளையில் நிற்கிறது. மாறாக 0 வந்தால் ரெசிஸ்டரே அறுந்திருக்கிறது, அல்லது எல்.இ.டி. ஷார்ட். ரெசிஸ்டரின் இரு காலுக்கும் குறுக்கே இரண்டு நிலையிலும் கணிசமான வோல்டேஜ் காட்டும் என்பதால் அங்கே குழப்பம் வரும். ஒரு விரலை ரெசிஸ்டர் மேல் வைத்துப் பார்த்தாலோ கரண்ட்டை அளந்தாலோ பிரிந்துவிடும், ஷார்ட் என்றால் 19 மில்லி ஆம்பியர் ஓடி லேசாகச் சூடாகியிருக்கும்.

புதியவர்களைத் திகைக்க வைப்பது திறந்த சுவிட்ச். அணைத்த சுவிட்சின் இரு காலுக்கும் குறுக்கே அளந்தால் கணிசமான வோல்டேஜ் காட்டுகிறது, போட்ட சுவிட்சின் குறுக்கே 0 காட்டுகிறது. தலைகீழாகத் தோன்றும். கரண்ட் ஓடாதபோது ரெசிஸ்டரில் எதுவும் விழாது. பேட்டரி தரும் வேறுபாடு பெரும்பாலும் அறுந்த இடத்திலேயே வந்து நிற்கும். அறுந்த கம்பி, போன ஃபியூஸ், கழன்ற தொடுப்பு எல்லாமே திறந்த சுவிட்ச்தான். ஓட வேண்டிய சுற்றில், 0 காட்ட வேண்டிய ஓர் இணைப்பின் குறுக்கே வோல்டேஜ் நின்றால் அங்கேயே பழுது.

லூஸ் தொடுப்பைப் பிடிப்பதுதான் கடினம், ஏனென்றால் ஓம் வரம்பில் அது ஒழுங்காகவே காட்டும். கால் ஓம் கூடுதல் தடை மீட்டர் கம்பியின் தடைக்குள் மறைந்துவிடும். சுற்றை ஓடவிட்டு, தொடுப்புக்கு இந்தப் பக்கம் ஒரு முனை, அந்தப் பக்கம் ஒரு முனை வைத்து 200 மில்லி வோல்ட் வரம்பில் பாருங்கள். நல்ல தொடுப்பில் ஓரிரு மில்லி வோல்ட்தான் தெரியும். அரை ஆம்பியர் ஓடும்போது 125 மில்லி வோல்ட் தெரிந்தால் கால் ஓம் அங்கே உட்கார்ந்திருக்கிறது. கம்பியை லேசாக அசைத்துக்கொண்டே எண்ணைப் பாருங்கள். குதித்தால் ஸ்பிரிங்கையோ முனையையோ தேய்த்துச் சுத்தம் செய்து இறுக்கி, அதே இடத்தில் மறுபடி அளந்து, எண் இறங்கிவிட்டதா என்று பார்த்த பிறகே மூடியைப் போடுங்கள்.